வாசகர் கேள்வி பதில்: வறண்ட தோட்டத்தில் யூக்கா

வாள்போல நீண்ட இலைகள் கொத்தாக நிற்கும் வறட்சிச் செடியான யூக்கா பற்றி வந்த கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் படித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. வந்த பிரச்சினைகளில் முக்கால்வாசி, செடியை நட்ட அன்றைக்கே ஆரம்பித்தவை. இடம், மண், மேடா பள்ளமா என்பதையெல்லாம் குழி தோண்டுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் அப்புறம் இந்தச் செடி நம்மிடம் அதிகம் எதுவும் கேட்காது. பதில்களில் இதையே சுற்றிச்சுற்றிச் சொல்லியிருப்பேன், அது வேண்டுமென்றே சொன்னதுதான்.

கேள்வி: வணக்கம் அம்மா. வறட்சியைத் தாங்கும் செடி என்று சொன்னதால் யூக்கா வாங்கி வைத்தேன். வெயில் கொளுத்துகிறதே என்று பாவப்பட்டு தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். இப்போது அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன, தண்டைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ?

பதில்: இல்லைம்மா, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உங்கள் செடி தாகத்தில் வாடவில்லை, வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. யூக்காவில் இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான் நிறைய பேர் மேலும் மேலும் ஊற்றிச் செடியை இழக்கிறார்கள். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அதே அளவு காற்றும் வேண்டும். மண்ணில் இருக்கும் சின்னச்சின்ன இடைவெளிகளில் எப்போதும் தண்ணீரே நின்றால் காற்று உள்ளே போக வழியில்லை, வேர் மூச்சு முட்டிச் சாகிறது, செத்த வேரில் பூஞ்சாணம் ஏறுகிறது. வேர் இல்லாத செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை வாடுகிறது.

கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதும். தண்டைச் சுற்றி அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள். நல்ல தண்டு கட்டையாக இருக்கும், விரல் அமுங்காது. அழுகிய இடத்தில் தோல் உள்ளே போகும், சில சமயம் பழுப்பாக நீர் கசியும், கெட்ட வாடையும் வரும். மேல் பகுதி இன்னும் கெட்டியாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். கூர்மையான, சுத்தமான கத்தியாலோ ரம்பத்தாலோ கெட்டியான பகுதிக்கு வந்து வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள்: நடுவில் பழுப்பு வட்டமோ கோடோ தெரிந்தால் இன்னும் இரண்டு விரற்கடை மேலே வெட்டுங்கள். முழுக்கத் தந்த நிறமாக, புள்ளியே இல்லாமல் வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். இங்கே மனசு இளகி நிறுத்திவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். அப்புறம் அடி இலைகளைக் கழித்துவிட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் சும்மா கிடத்துங்கள். வெட்டிய முகம் காய்ந்து தோல் மூடியபின், பாதிக்குமேல் பருமணலும் பொடிச் சரளையும் கலந்த மண்ணில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சி கட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குத் தண்ணீரே வேண்டாம். வேர் விட ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். லேசாக இழுத்தால் பிடிப்புத் தெரியும், அப்போது வேர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்டு முழுக்கக் கெட்டியாகவே இருந்து, அடியில் இரண்டு மூன்று இலை மட்டும் மஞ்சளாகிக் காய்ந்தால் கவலையே படாதீர்கள். யூக்கா தன் பழைய இலைகளை அப்படித்தான் கழிக்கும்.

கேள்வி: எங்கள் மண் ஒட்டும் களிமண். ஆழமாகக் குழி தோண்டி, முழுக்க மணல் நிரப்பி அதில் நடலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். களிமண்ணுக்கு நடுவே மணல் குழி எடுத்தால், மழை பெய்யும்போது சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் வசதியாக அந்தக் குழிக்குள் இறங்கும். அடியிலும் பக்கத்திலும் களிமண் என்பதால் வெளியே போக வழி இருக்காது. செடியைக் கிண்ணத்துக்குள் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினதுபோல ஆகிவிடும். களிமண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்துவிடலாம் என்றும் சிலர் செய்கிறார்கள். களிமண்ணின் நுண்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு, காய்ந்தபின் அது முன்பைவிடக் கெட்டியாக இறுகிப்போகும்.

முதலில் மண்ணைச் சோதித்துவிடுங்கள். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மறுபடியும் நிரப்பி மணியைப் பாருங்கள். இரண்டாவது முறை ஊற்றியதும் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நேராக நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடவே கூடாது.

அப்படிப்பட்ட இடத்துக்கு வழி கீழே போவதில் இல்லை, மேலே எழுப்புவதில் இருக்கிறது. ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். மேட்டின் அடி அகலமாக இருக்கட்டும், குறைந்தது நான்கு ஐந்து அடி. ஒடுக்கிக் கட்டினால் மழையில் சரிந்துவிடும். தோட்டத்து மண் பாதி, பருமணலும் பொடிச் சரளையும் சேர்ந்து பாதி போதும். மக்கு உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், மக்கி அடங்க அடங்க மேடும் உட்கார்ந்துவிடும். மேடு கட்டியதும் நன்றாக நனைத்து ஓரிரு வாரம் படியவிட்டு, பிறகு நடுங்கள். செடியின் கழுத்து, அதாவது வேர் முடிந்து இலை தொடங்கும் இடம், சுற்றுமண்ணைவிட ஓரிரு அங்குலம் உயர்ந்தே இருக்கவேண்டும். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சரளைக்கல் பரப்புங்கள். மரச்சிராய், காய்ந்த இலை இவற்றை யூக்காவின் கழுத்தை ஒட்டிப் போட்டால் எப்போதும் ஈரம் தங்கி அழுகல் வரும். சரளை என்றால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், அடிமண் ஈரம் மட்டும் வேருக்குக் கிடைக்கும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், காட்டில் இந்தச் செடி நிற்கும் இடங்கள். கடலோர மணல் மேடு, பாறைச் சரிவு, சரளை நிலம், வறண்ட புல்வெளி என்று வட அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஐம்பதுக்குச் சற்று முன்பின்னாக வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காத இடங்களில் வளர்பவை. நாம் தோட்டத்தில் அந்த ஒரு தன்மையை மட்டும் அமைத்துக் கொடுத்தால் போதும்.

கேள்வி: குழந்தைகள் ஓடியாடும் சின்ன முற்றம். எந்த யூக்கா வைக்கலாம்? கடையில் எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறது.

பதில்: நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள். தொட்டியில் சின்னதாக இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். வளர்ந்தபின் ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று கூரைக்குமேல்.

யூக்கா அலோயிஃபோலியா வேண்டவே வேண்டாம். இலை நுனி ஊசி, அதுவும் விறைப்பான ஊசி. குனிந்து பந்து எடுக்கும் குழந்தையின் கண் உயரத்தில் அது நிற்கும். யூக்காவின் முள் கண்ணிலும் காதுக்குள்ளும் குத்திக் காயமாவது நடக்கிற விஷயம், சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. அலோயிஃபோலியாவை வேலி ஓரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் நல்ல காவல். முற்றத்தில் கூடாது.

யூக்கா ஃபிலமென்டோசா தண்டு இல்லாமல் தரையோடு கொத்தாக இரண்டு மூன்று அடி வளரும். இலை ஓரத்தில் வெள்ளை நூல் சுருள்சுருளாகப் பிரிந்து தொங்கும், அதைவைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இலை கொஞ்சம் வளையக்கூடியது, ஆனாலும் நுனியில் முள் உண்டு. கடுங்குளிரையும் தாங்கும், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் போனாலும் பிழைத்துவிடும். நடைபாதையிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள்.

யூக்கா ஜைகாண்டியாவைப் பழைய பெயரில் எலிஃபான்டிபெஸ் என்றும் விற்பார்கள். இலை நுனி குத்தாது, அதனால்தான் வீட்டுக்குள் வைக்க இதையே கொடுக்கிறார்கள். ஆனால் தரையில் நட்டால் முப்பது அடி மரமாகும், அடித்தண்டு யானைக்கால் கணக்காகப் பருத்துப் பக்கத்துத் தளக்கல்லைத் தூக்கிவிடும். கடுங்குளிரும் ஆகாது. உங்கள் முற்றத்துக்கு இதைப் பெரிய தொட்டியில் வைப்பதுதான் என் யோசனை. தரையில் வேண்டாம்.

நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும் யூக்கா ரோஸ்ட்ராட்டாவைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறைய, எனக்கும் எல்லா யூக்காவிலும் அதுதான் பிடித்தது. ஆனால் மிக மெதுவாக வளரும், வடிகால் விஷயத்தில் மற்றதைவிடக் கண்டிப்பானது, இலை நுனியும் கூர்தான். குழந்தைகள் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே முள் யூக்கா வைத்திருப்பவர்கள், கத்தரியால் நுனி முள்ளை மட்டும் அரிசி நீளத்துக்கு வெட்டிவிடலாம். இலைச் சதையில் வெட்டுப் படாமல் பார்த்துக்கொண்டால் நுனி காயாது. செடிக்குள் கைவிடும் எந்த வேலைக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடவேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

பதில்: நாள் கணக்கு சொன்னால் மண்ணைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்து ஊற்றுவீர்கள், அதனால் முறையைச் சொல்கிறேன். ஒரு மெல்லிய மரக்குச்சியை வேர்ப் பகுதிக்கு வெளியே அரையடி ஆழம் குத்தி எடுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் இன்றைக்கு வேண்டாம். சுத்தமாக, காய்ந்து வந்தால் ஊற்றுங்கள், ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு அடி ஆழம் நனையும்வரை மெதுவாக, தண்டிலிருந்து தள்ளி வட்டமாக விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். எப்போதாவது ஆழமாகக் கொடுத்தால் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

புதிதாக நட்ட செடிக்கு முதல் கோடையில் இது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டாம் வருஷம் மாதத்துக்கு ஒன்று போதும். மூன்றாம் வருஷத்திலிருந்து மழையே பார்த்துக்கொள்ளும், நீண்ட வறட்சியில் மட்டும் ஒருமுறை கொடுங்கள். குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம், குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் அழுகல் வேகமாகப் பரவும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வறட்சி தாங்கும் என்று அட்டை கட்டி விற்பவர்கள், வேர் பிடித்த பிறகுதான் தாங்கும் என்பதையும் அதில் சேர்த்து எழுதவேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் சிலர் முதல் வருஷமே செடியைக் காயப்போட்டுக் கொல்கிறார்கள், மற்றவர்கள் அட்டையை நம்பாமல் ஊற்றிக் கொல்கிறார்கள்.

கேள்வி: உரம்?

பதில்: வசந்தத்தில் மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம் போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. தழைச்சத்து அதிகமானால் இலை தளர்ந்து சாயும். தொட்டிச் செடிக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை கொடுங்கள்.

கேள்வி: எங்கள் யூக்கா ஆளுயரத்துக்குப் பூந்தண்டு விட்டது. நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பூ. ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. செடியில் ஏதாவது குறையா?

பதில்: குறை செடியில் இல்லை. அதற்கு வேண்டிய விருந்தாளி உங்கள் ஊரில் இல்லை. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், ஏனென்றால் செடிகளின் உலகத்தில் நான் படித்ததிலேயே மிக அழகான ஏற்பாடு இது.

யூக்காவின் மகரந்தம் காற்றில் பறக்கும் தூள் இல்லை, பிசுபிசுப்பான கட்டி. அதை எடுத்து வைக்கவென்றே டெஜெடிகுலா என்ற ஒரு வெள்ளை அந்துப்பூச்சி இனம் இருக்கிறது. ஜார்ஜ் எங்கல்மன் என்ற தாவரவியலாளர் 1872ல் இந்தப் பூச்சிக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்துச் சொல்ல, பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி அதைத் தொடர்ந்து விரிவாக ஆராய்ந்தார். சாயங்காலம் பூக்கள் நன்றாக விரிந்து மணம் வீசும்போது பெண் பூச்சி வருகிறது. அதன் வாயருகே இரண்டு உணர்விழைகள் உண்டு, இதற்கும் இதன் நெருங்கிய உறவுப் பூச்சிகளுக்கும் தவிர வேறு பட்டாம்பூச்சிக்கோ அந்துப்பூச்சிக்கோ அப்படி ஒரு உறுப்பு கிடையாது. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி உருட்டித் தலைக்கடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பூவுக்குப் பறக்கிறது. அங்கே சூலகத்துக்குள், அதாவது பின்னால் காயாகும் பகுதிக்குள், முட்டையிடுகிறது. இட்டதும் அப்படியே போய்விடுவதில்லை. சூலகத்தின் மேலே ஏறிச் சூல்முடியின், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியின், குழிக்குள் தான் கொண்டுவந்த மகரந்தத்தை அழுத்தித் திணிக்கிறது. பூ காயானால்தான் உள்ளே விதை வரும், விதை வந்தால்தான் பூச்சியின் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. அவை கொஞ்சம் விதையைத் தின்றுவிட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்விடும், மிச்ச விதை செடிக்கு.

பூச்சி பேராசைப்பட்டு ஒரே பூவில் நிறைய முட்டை இட்டால்? அந்தப் பூவைச் செடியே உதிர்த்துவிடுகிறது, முட்டைகளும் அதோடு போய்விடும். இரண்டு பக்கமும் அளவோடு நடந்துகொண்டால்தான் இந்த உறவு நீடிக்கும்.

யூக்காவின் சொந்த நிலத்துக்கு வெளியே இந்தப் பூச்சி கிடையாது, அதனால் பூ வெறுமனே உதிர்ந்துவிடுகிறது. அலோயிஃபோலியா மட்டும் அங்கேயும் சில சமயம் காய் பிடிக்கும். விதை வேண்டுமென்றால் பூச்சியின் வேலையை நீங்களே செய்து பார்க்கலாம். பொழுது சாய்ந்தபின், புதிதாக விரிந்த பூவின் மகரந்தக் கட்டியைப் பல்குச்சி நுனியால் எடுத்து, வேறொரு செடியில் உள்ள பூவின் நடுவே இருக்கும் சூல்முடிக் குழிக்குள் நன்றாக அழுத்துங்கள். மேலே தடவினால் போதாது, உள்ளே போகவேண்டும். ஒரே தாயிலிருந்து பிரித்த கன்றுகளாக இருந்தால் அவை எல்லாம் ஒரே செடிதான், காய் பிடிக்கும் வாய்ப்புக் குறைவு.

கேள்வி: பூத்து முடிந்ததும் செடி செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: ஆனைக்கற்றாழையோடு குழப்பிக்கொள்கிறார்கள். யூக்காவில் தண்டுள்ள வகைகள் பூத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து கிளைவிட்டு வளரும். ஃபிலமென்டோசா போன்ற தரை வகைகளில் பூத்த அந்தக் கொத்து மட்டும் மெல்ல வாடும், அதற்குள் சுற்றிலும் கன்றுகள் வந்திருக்கும். முன்பு யூக்கா என்றே அழைக்கப்பட்டு இப்போது தனியாகப் பிரிக்கப்பட்ட ஹெஸ்பெரோயூக்கா விப்ளீ என்ற செடிதான் பெரும்பாலும் ஒருமுறை பூத்ததும் மடிந்துவிடும். உங்களுடையதில் பூந்தண்டு காய்ந்ததும் அடியோடு வெட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: தண்டைச் சுற்றிக் காய்ந்த இலை பாவாடையாகத் தொங்குகிறது. எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா?

பதில்: செடியைக் கேட்டால் விட்டுவிடச் சொல்லும். அந்தக் காய்ந்த இலை தண்டை வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் மூடிக் காக்கிறது. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றால் எடுத்துவிடுங்கள். காய்ந்த யூக்கா இலை சட்டென்று தீப்பிடிக்கும், எலியும் கூடு கட்டும். எடுப்பதென்றால் முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுங்கள். பச்சையை இழுத்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். அழகுக்காகப் பாதிக்குமேல் பச்சை இலைகளை மழித்து, உச்சியில் ஒரு குஞ்சம் மட்டும் விட்டுவைப்பதைச் சில தோட்டங்களில் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. செடி உணவு தயாரிப்பதே அந்த இலைகளில்தான்.

கேள்வி: வீட்டுக்குள் நன்றாக இருந்த யூக்காவை வெயில் வேண்டுமென்று வெளியே வைத்தேன். நாலே நாளில் இலையெல்லாம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது. ஏதாவது நோயா அம்மா?

பதில்: நோய் இல்லை தம்பி, வெயில் சுட்டிருக்கிறது. யூக்காவுக்கு ஆறு மணி நேரத்துக்குமேல் நேரடி வெயில் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் உள்ளே வளர்ந்த இலை அந்த வெயிலுக்குத் தயாரானது இல்லை. இப்போதைக்குக் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்று. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சங்கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. வெளுத்த திட்டு மறுபடி பச்சையாகாது, அதற்காக அந்த இலைகளை வெட்டிவிடாதே, மிச்சப் பச்சை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நடுக்குருத்திலிருந்து வரும் புது இலை வெயிலுக்குப் பழகியதாகவே வரும்.

கேள்வி: இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பூந்தண்டில் எறும்பு வரிசை.

பதில்: பஞ்சு தெரிவது மாவுப்பூச்சி. எறும்பு வருவது பூந்தண்டில் அசுவினி இருப்பதால், அதன் இனிப்புக் கழிவைத் தேடி வருகிறது. அசுவினியைத் தண்ணீர்க் குழாயை வேகமாகப் பீய்ச்சினாலே அடித்துப் போய்விடும். மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, வாரம் ஒருமுறை சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ சாயங்காலத்தில் இலை இடுக்கு நனையத் தெளியுங்கள். வெயில் நேரத்தில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். இலையில் பழுப்பாகச் சின்னச்சின்ன ஓடுகள் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. நகத்தால் சுரண்டிவிட்டு அதே கரைசலைத் தெளிக்கலாம்.

இவற்றால் யூக்கா சாகாது. பயப்படவேண்டியது ஆனைக்கற்றாழைக் கூன்வண்டுக்கு. கறுப்பாக, நீண்ட மூக்கோடு, அரை அங்குலம் இருக்கும். கழுத்துப் பகுதியில் துளைத்து முட்டையிடும், புழு உள்ளேயே தின்னும், அழுகலும் கூடவே நுழையும். மேலே எல்லாம் நன்றாக இருந்த செடி திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து, நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் மருந்து பலிக்காது. செடியைச் சுற்று மண்ணோடு தோண்டி எடுத்து, புழு எதுவும் தப்பாமல் மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் ஆனைக்கற்றாழை இருந்தால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பக்கக் கன்றைப் பிரித்து நடுவது எப்படி?

பதில்: கன்று பாதி அளவாவது வளர்ந்து, சொந்தமாக வேர் விட்டிருக்கவேண்டும். வளர்ச்சி தொடங்கும் வசந்தத்தில் சுற்றி மண்ணை விலக்கி, தாயோடு சேரும் இடத்தில் கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய இடம் இரண்டு மூன்று நாள் காய்ந்தபின் நடுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிழங்குத் தண்டில் வெள்ளையாக, கால்விரல் பருமனில் மொட்டுகள் தெரியும். அவற்றையும் இரண்டு மூன்று அங்குலத் துண்டாக வெட்டிக் காயவைத்து மணலில் புதைத்தால் தனிச்செடியாக வரும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஒருநாள் ஊறவைத்துப் போட்டால் சில வாரத்தில் முளைக்கும். ஆனால் பூவைப் பார்க்கப் பல வருஷம் காத்திருக்கவேண்டும்.

கேள்வி: நாய் இலையைக் கடித்துவிட்டது. ஆபத்தா?

பதில்: யூக்காவில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியின் பூர்வகுடிகள் வேரை நசுக்கித் தலை கழுவியது இதனால்தான். நாய், பூனை, குதிரைக்கு அது ஒத்துக்கொள்ளாது. வாந்தி, எச்சில் ஒழுகுவது, சோர்வு வரலாம். ஒரு கடியில் பெரிதாக எதுவும் ஆகாது என்றாலும், வாந்தி நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கூடவே ஒரு இலைத் துண்டையும் காட்ட எடுத்துப்போங்கள்.

கேள்வி: ஜன்னலடியில் நட்ட யூக்கா இப்போது வழியை மறைக்கிறது. வெட்டி எடுத்தோம், மூன்று மாதத்தில் ஐந்து இடத்தில் முளைத்துவிட்டது. என்னதான் செய்வது?

பதில்: மண்ணுக்கு மேலே வெட்டினால் கீழே இருக்கும் கிழங்குத் தண்டு விட்ட இடத்திலிருந்தெல்லாம் துளிர்க்கும். வறட்சியில் பிழைக்க அது சேர்த்துவைத்த சேமிப்பு அது. மருந்து ஊற்றி முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மெழுகுப் பூச்சு உள்ள இலை என்பதால் தெளித்த மருந்தில் பெரும்பகுதி வழிந்துபோகும். தோண்டுவதே நம்பகமான வழி. தண்டைச் சுற்றி இரண்டடி தள்ளி ஆரம்பித்து, ஒன்றரை இரண்டு அடி ஆழம்வரை மண்ணை எடுத்து, கையில் தட்டுப்படும் வெள்ளைத் துண்டுகளை எல்லாம் பொறுக்குங்கள். விரல் நீளத் துண்டு விட்டுப்போனாலும் அது முளைக்கும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்து, துளிர் தெரிந்தவுடன் அடியோடு பிடுங்குங்கள். இலை விரிந்து சாப்பாடு சேர்க்கவிடாமல் செய்தால் கிழங்கு காலியாகித் தானாக ஓயும். பிடுங்கிய துண்டுகளில் கெட்டியானவற்றைத் தூக்கிப்போடாதீர்கள். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, வெயில் படும் மேட்டில் இரண்டு மூன்றை வைத்துவிடுங்கள்.